காதுகுத்தில் டயட் உடைந்தது, அதைவிட மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. என்ன செய்ய?

கேட்டவர்: வைகைக்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 41, பள்ளிக்கூடத்தில் வேலை. இந்த வருஷத் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோது எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி) 6.3 என்று வந்தது. சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கு முந்தைய கட்டத்தின் கடைசியில் இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். மாத்திரை எதுவும் தரவில்லை, சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தச் சொல்லி டயட்டீஷியனிடம் அனுப்பினார். காலையில் இரண்டு முட்டை அல்லது சுண்டல், மதியம் ஒரே ஒரு கப் சாதம், அதைவிட அதிகமாகக் காய், இரவு ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், டீயில் சர்க்கரை கிடையாது. இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். எடையும் இறங்கியது, முட்டிவலி குறைந்தது, எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

போன வாரம் தம்பி பையனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காதுகுத்து. கிடா வெட்டு. நான் அத்தை, நான் சாப்பிடாமல் இருந்தால் யார் விடுவார்கள்? பிரியாணி, குடல் கறி, எலும்பு ரசம் எல்லாம் சாப்பிட்டேன். அது கூடப் பரவாயில்லை, எல்லாரோடும் உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். கிளம்பும்போது சீர்த்தட்டில் மிஞ்சிய மைசூர்பாகையும் அதிரசத்தையும் அம்மா ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்பு மேடை ஓரமாக நின்றபடியே, லைட் கூடப் போடாமல், ஒன்று, இன்னொன்று என்று ஆரம்பித்து பை பாதியாகிவிட்டது. பசியே இல்லை. ருசித்துச் சாப்பிட்டேனா என்றால் அதுவும் இல்லை. இன்றைக்குத்தான் எல்லாம் போய்விட்டதே, நாளையிலிருந்து சரியாக இருக்கலாம், அதற்குள் இதைத் தீர்த்துவிடுவோம் என்று ஒரு வெறி.

மறுநாள் காலை எடை பார்த்தால் 1.8 கிலோ ஏறியிருக்கிறது. ஒரே நாளில்! அழுகையே வந்துவிட்டது. அன்று மதியம் வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை, சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் மீதி அதிரசத்தை எடுத்துச் சாப்பிட்டேன். அதற்கு அடுத்த நாளும் இதே கதை. வீட்டுக்காரர் விளையாட்டாக “டயட் மேடம், அதிரசம் எங்கே?” என்று கேட்டார், அவருக்கு அது ஜோக், எனக்குச் சுருக்கென்றது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டயட்டீஷியனுக்கு தினமும் என்ன சாப்பிட்டேன் என்று வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். அந்த மூன்று நாளும் “முட்டை, சுண்டல், ஒரு கப் சாதம்” என்றே அனுப்பினேன். அவர் கைதட்டும் பொம்மை போட்டுப் பதில் அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து இன்னும் மோசமாக இருக்கிறது.

இப்படி விழுந்து எழுந்தவர்கள் இருப்பீர்கள். இந்த உறுத்தலை எப்படிக் கடந்தீர்கள்? எச்பிஏ1சி எவ்வளவு ஏறும்? திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

---

பல்லடம்_ஓட்டக்காரன்:

அக்கா, முதலில் அந்த 1.8 கிலோவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்களை அழவைத்தது அதுதான். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேரச் செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.8 கிலோவுக்கு ஏறத்தாழ 13,800. சுத்த நெய் 100 கிராமுக்கு 900 கலோரி. அதாவது நீங்கள் அன்றைக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒன்றரைக் கிலோ நெய்யைக் குடித்திருந்தால்தான் அந்த எடை கொழுப்பாக ஏறியிருக்கும். குடித்தீர்களா? இல்லைதானே.

அப்படியென்றால் ஏறியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். கொஞ்ச நாளாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்ட உடம்பில் கிளைகோஜன், அதாவது உடம்பு எடுத்துவைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு, குறைந்திருக்கும். திடீரென்று சோறும் இனிப்பும் போனால் கல்லீரலும் தசையும் அதை நிரப்பிக்கொள்ளும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். பிரியாணியில் உள்ள உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சாப்பிட்டது இன்னும் குடலில்தான் இருக்கும், அதற்கும் எடை உண்டு. வழக்கத்துக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கி நம்மைக் குஷிப்படுத்துமே, அதுவும் இதே தண்ணீர்தான், அப்போது யாரும் சந்தேகப்படுவதில்லை!

விசேஷத்துக்கு மறுநாள் எடைமேடையில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். ஏறியே ஆகவேண்டும் என்று கை அரித்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

---

சுண்டல்_பாத்திரம்:

வைகைக்கரை, உங்களுக்கு மாத்திரை இல்லை என்பதால் இது உங்களுக்கு இல்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கட்டாயம் சொல்ல வேண்டும். நேற்று அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன், இன்று பட்டினி கிடந்து சரிக்கட்டுகிறேன் என்று சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து இறங்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் உண்டு. ஒரு தீபாவளி முடிந்த மறுநாள் பிராயச்சித்தம் மாதிரி காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன், மாத்திரையை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டேன். பேங்க்கில் வரிசையில் நிற்கிறேன், கை நடுங்குகிறது, வியர்க்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது ஆனால் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் புரிந்துகொண்டு கைப்பையிலிருந்து குளுக்கோஸ் கலந்த தண்ணீர் கொடுத்தார். பிறகு ரத்தச் சர்க்கரை பார்த்தபோதும் 58தான் இருந்தது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. கிளிமிபிரைட் போன்ற மாத்திரை, இன்சுலின் இரண்டும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அதிகமான சர்க்கரை வருஷக்கணக்கில் கெடுக்கும், தாழ்சர்க்கரை அரைமணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

அப்புறம், பேலியோ கீட்டோ என்று மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அதில் உண்டு.

எச்பிஏ1சி பற்றிக் கேட்டீர்கள். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது, அதனால் வருவது இரண்டு மூன்று மாத சராசரி. மூன்று மாதத்தில் 270 வேளை சாப்பிடுகிறோம். அதில் ஒரு கிடா விருந்தும் ஒரு பை இனிப்பும் சேர்ந்து எண்ணைப் பெரிதாக அசைக்காது. ஆனால் பட்டினி, சாயங்காலம் அதிரசம், மறுபடி பட்டினி என்று நீங்கள் போட்டிருக்கும் இந்தச் சுற்று மாதக்கணக்கில் ஓடினால் அசைக்கும்.

---

கறார்_பெரியவர்:

எல்லாரும் தடவிக்கொடுத்துப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா.

எனக்கு 63. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உறுத்துவது நல்லதுதான் என்பது என் கட்சி. உறுத்தாத ஆள்களை நான் பார்த்திருக்கிறேன், என்னோடு வாக்கிங் வந்தவர்கள்தான். “ஒருநாள்தானே, என்ன ஆகிவிடும்” என்று ஆரம்பித்து அந்த ஒருநாள் வாரத்துக்கு நான்கு நாள் வரும். மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதே, உன்னை நீ நேசி, கேக் சாப்பிடு என்று இப்போது ஒரு உபதேசம் கிளம்பியிருக்கிறது, அதைச் சொல்கிறவர்கள் யாரும் நமக்கு ஆஸ்பத்திரி பில் கட்டப்போவதில்லை. நெய் ரோஸ்ட் சாப்பிட்ட இரவு எனக்குத் தூக்கம் சரியாக வராது. வரக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயம்தான் மறுநாள் என்னை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி நடக்க அனுப்புகிறது.

ஆனால் அந்த அம்மா டயட்டீஷியனிடம் பொய் சொன்னது சரியில்லை. அதற்கும் உறுத்தட்டும்.

---

அரைகுறை_வாசகன்:

பெரியவர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது, ஆனால் அவருக்கு உறுத்தினால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். வைகைக்கரைக்கு உறுத்தினால் லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடுகிறார், கேட்பவரிடம் மறைக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. “நான் செய்தது சரியில்லை” என்று தோன்றினால் ஆள் சரிசெய்யப் பார்ப்பார். “நானே சரியில்லை” என்று தோன்றினால் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பார். மனோதத்துவக்காரர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள்.

இதில் பழைய ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்தது. கல்லூரிப் பெண்களைக் கூப்பிட்டுச் சிலருக்கு மில்க்‌ஷேக் எதுவும் கொடுக்கவில்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்து ருசி எப்படி என்று சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அவர்கள் பார்த்தது யார் எவ்வளவு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், வயிறு நிறைந்துவிட்டது, சரி. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடிக்காதபோது கொஞ்சமாகச் சாப்பிட்டார்கள், குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள்! வயிறு நிறைய நிறைய இன்னும் தின்கிறார்கள். “அதான் இன்றைக்குக் கெட்டுப்போச்சே, இனி என்ன இருக்கிறது” என்ற நினைப்புதான் காரணம் என்று ஹெர்மனும் பொலிவி என்ற ஆய்வாளரும் பிறகு தொடர்ந்து எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் இன்னும் வேடிக்கை. சாப்பிட்டதில் உண்மையில் எவ்வளவு கலோரி என்பது கூட முக்கியமில்லையாம், அதிகம் என்று நம்பவைத்தாலே கட்டு அறுந்துவிடுகிறது.

வைகைக்கரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். “இன்றைக்குத்தான் எல்லாம் போய்விட்டதே, அதற்குள் இதைத் தீர்த்துவிடுவோம்.” அதே ஐஸ்கிரீம், இங்கே மைசூர்பாகு. பிரியாணி அவரைக் கெடுக்கவில்லை. பிரியாணியால் நாள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியதுதான் கெடுத்தது.

பெரியவருக்கு நேரடிப் பதில் 2007இல் வந்த இன்னொரு ஆய்வில் இருக்கிறது. ஆடம்ஸ், லியரி என்ற இருவர் செய்தது. டோனட் சாப்பிடவைத்த பெண்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் “இதை எல்லாரும்தான் சாப்பிடுகிறார்கள், உங்களை நீங்களே ரொம்பத் திட்டிக்கொள்ளாதீர்கள்” என்ற மாதிரி இரண்டு வார்த்தை சொன்னார்கள். அப்புறம் மிட்டாய். பெரியவர் கணக்குப்படி ஆறுதல் கேட்டவர்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி சாப்பிட்டிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ், சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருந்த பெண்களில் அந்த ஆறுதல் வார்த்தை கேட்டவர்கள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள். 2014இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வும் உண்டு. சாக்லேட் கேக் என்றதும் கொண்டாட்டம் நினைவுக்கு வருகிறவர்கள், குற்ற உணர்ச்சி நினைவுக்கு வருகிறவர்கள் என்று பிரித்துத் தொடர்ந்து பார்த்ததில், 18 மாதங்களில் எடையைக் காப்பாற்றிக்கொள்வதில் குற்ற உணர்ச்சிக்காரர்கள்தான் பின்தங்கினார்கள்.

இதெல்லாம் அயல்நாட்டுப் பரிசோதனைகள், பெரும்பாலும் கல்லூரிப் பெண்களை வைத்துச் செய்தவை, நம் குலதெய்வம் கோயில் கிடாவுக்கு முன்னால் எவ்வளவு நிற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனாலும் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

---

கறார்_பெரியவர்:

மில்க்‌ஷேக் கதை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் எனக்கு உறுத்தல்தான் வேலை செய்கிறது, அதை விடமாட்டேன். ஒளிந்து சாப்பிடுவது வேறு விஷயம் என்று சொன்னாய் பார், அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

கேழ்வரகு_களி:

நான் மருத்துவமனை ஒன்றில் டயட்டீஷியன். அந்த வாட்ஸாப்பின் மறுமுனையில் இருப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வரும் குறிப்புகளில் பொய் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க ஒருவர் சுண்டலும் முட்டையும் மட்டுமே சாப்பிட்டதாக எழுதினால் அவர் வீட்டில் பொங்கலே வரவில்லையா என்று யோசிக்கமாட்டோமா? கோபம் வருவதில்லை, ஆனால் வேலை கெட்டுவிடுகிறது. நீங்கள் எழுதியதை நம்பித்தான் அடுத்த மாத அளவைப் போடுகிறோம். எடை இறங்கவில்லை, எழுதியிருப்பதோ குறைவு என்றால் இன்னும் குறைக்கச் சொல்வோம், ஏற்கெனவே பசியில் இருக்கும் ஆளை இன்னும் பசியில் தள்ளுவோம், அது மறுபடி இரவு அடுப்பங்கரையில் போய் முடியும். ஆகவே உண்மையை அனுப்புங்கள். நீளமான மன்னிப்பெல்லாம் வேண்டாம். “வியாழன் முதல் சனி வரை அனுப்பியது சரியில்லை, விசேஷத்துக்குப் போனேன், இரவில் இனிப்பு சாப்பிட்டேன், மறுநாள் பட்டினி இருந்தேன்” என்று ஒரு வரி போதும். அதில் எனக்கு மிக உபயோகமான தகவல் கடைசித் துண்டுதான்.

இன்னொன்று, உங்கள் அட்டவணை மேலேயே எனக்கு ஒரு குறை இருக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு, ஆடிக்கூழ், கறிவிருந்து, தீபாவளி, பொங்கல், நடுவில் நாலு கல்யாணம். நம் வருஷத்தில் விசேஷம் இல்லாத மாதம் எது? விசேஷத்துக்கு இடமே வைக்காமல் போடும் அட்டவணை முதல் பந்தியிலேயே உடையத்தான் செய்யும், அதற்குச் சாப்பிட்டவர் மேல் பழி போட முடியாது. என்னிடம் வருகிறவர்களிடம் அடுத்த மாதம் எங்கே எங்கே பத்திரிகை வந்திருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். கேட்டு, அந்த நாளையும் சேர்த்தே போடுவேன். அன்றைக்குச் சாப்பிட்டால் அது திட்டத்தில் உள்ளதுதான்.

விசேஷ நாளுக்கு நான் சொல்வது: போவதற்கு முன் பட்டினி கிடக்காதீர்கள், காலையில் முட்டையோ சுண்டலோ வழக்கம்போல. பந்தியில் உட்கார்ந்ததும் கறியையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், புரதமும் காயும் முன்னால் போனால் அதே சோற்றுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு கால் மணி நேரம் நடங்கள், கோயில் பிராகாரத்தைச் சுற்றினாலும் நடைதான். இனிப்பு பிடித்திருந்தால் அங்கேயே, தட்டில் வைத்து, உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் சாப்பிடுங்கள். கொடுத்தனுப்பும் பை மட்டும் வீட்டுக்குள் வரவேண்டாம். அம்மா கொடுத்தால் மறுக்க முடியாது, தெரியும். வாங்கிக்கொண்டு மறுநாள் பள்ளியில் ஆசிரியர் அறையில் திறந்து வைத்துவிடுங்கள், முதல் பீரியடுக்குள் காலியாகிவிடும். மறுநாள் காலை வழக்கமான காலை. முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று ஒன்று கிடையாது, அடுத்த வேளையைச் சாப்பிட்டால் போதும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பசி இல்லாமல், நிறுத்த முடியாமல், வேகவேகமாக, வெட்கத்தால் தனியாக, பிறகு அருவருப்போடு. இப்படிச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து, மூன்று மாதமாகத் தொடர்ந்தால், அது மனவுறுதிக் குறைவு இல்லை, மருத்துவத்தில் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள், சிகிச்சையும் இருக்கிறது. சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றுவது, பேதி மாத்திரை போடுவது இருந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். மனநல மருத்துவரைப் பார்க்கலாம், தயக்கமாக இருந்தால் முதலில் டெலிமானஸ் 14416க்குப் போன் செய்யலாம், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு அப்படி என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரக் கதையை வைத்து யாருக்கும் பெயர் சூட்டமாட்டேன். முன்பும் இப்படி நடந்திருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

---

மொய்_நோட்டு:

எல்லாரும் உடம்பையும் மனசையும் பேசிவிட்டீர்கள், அந்த வீட்டுக்காரர் ஜோக்கை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நம் வீடுகளில் ஒருவர் டயட் இருந்தால் மற்ற எல்லாரும் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார்கள். பந்தியில் “ஒருநாள்தானே, சாப்பிடு சாப்பிடு, என்னமோ பெரிய டயட்டு” என்று இலையில் கொட்டுவதும் அவர்கள்தான், மறுநாள் “என்ன, டயட்டு போச்சா” என்று கேட்பதும் அவர்கள்தான். சாப்பிடாவிட்டால் “மூஞ்சி ஒடுங்கிப் போச்சு, சுகர் வந்த மாதிரி இருக்க” என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் பேச்சு உண்டு. இதில் ஒளிந்து சாப்பிடாமல் வேறென்ன செய்வார்கள்?

என் மனைவி இதை எனக்கு நேராகவே சொன்னாள். “நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நீங்கள் பார்க்காதீர்கள், நான் நடக்கப் போகும்போது கூட வாங்க, அது போதும்.” எனக்கு முதலில் ரோஷமாகத்தான் இருந்தது, அப்புறம் யோசித்தால் நியாயம்தான். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தெருமுனை வரை போய்வருகிறோம். உங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது, அவருக்குச் சுருக்கென்றது தெரியாது, அவ்வளவுதான். சொன்னால் தெரியும்.

பந்தியில் திணிப்பவர்களுக்கு: “டயட்” என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அதைக் கேட்டதும் கரண்டியோடு பாய்வார்கள். “போதும் சித்தி, மறுசோறு வாங்கிட்டேன்” என்று இலையை மடித்துவிட்டு எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கையில் குழந்தை இருக்கும் ஆளுக்கு யாரும் சோறு போடமாட்டார்கள்.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றரைக் கிலோ நெய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், பல வருஷமாக எடைமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்தத் தண்ணீர்க் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கேழ்வரகு களி மேடம், நீங்கள் கேட்டதை யோசித்தேன். முன்பும் நடந்திருக்கிறது. பரீட்சைப் பேப்பர் திருத்தும் சமயங்களில் இரவில் இப்படி ஆகும். வாராவாரம் இல்லை. ஆனால் இதைப் பற்றி யாரிடமும் இதுவரை பேசியதில்லை, இங்கே எழுதியதுதான் முதல். டயட்டீஷியனுக்கு அந்த ஒரு வரியை டைப் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. கை வரமாட்டேன் என்கிறது.

இதற்கு நடுவில் அடுத்த ஞாயிறு நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. கலவை சாதம் வகைவகையாக இருக்கும், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம். கறியும் கிடையாது, எதை முதலில் சாப்பிடுவது? எல்லாமே சோறு!

---

கேழ்வரகு_களி:

அதே வரியை அப்படியே அனுப்புங்கள், திருத்தித் திருத்திப் பார்க்காதீர்கள். பேப்பர் திருத்தும் சமயத்தில் ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது அவருக்கு மிகவும் தேவையான தகவல். அந்த மாதங்களில் சாயங்காலச் சாப்பாட்டைக் கூட்டிப் போடுவார்.

வளைகாப்புக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டலும் இரண்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே பிடித்த இரண்டு சாதத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றிலும் ஒரு கரண்டி என்று போனால் கூட்டிப் பார்க்கும்போது இரண்டு தட்டு ஆகிவிடும். ஞாயிறு சாப்பிட்டதைத் திங்கள் காலையில் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

---

கறார்_பெரியவர்:

புளியோதரையை எடுத்துக்கொள் அம்மா, தேங்காய் சாதத்தை விடு. தயிர்சாதம் வீட்டிலேயே கிடைக்கும், அதற்கு எதற்கு வளைகாப்புக்குப் போக வேண்டும்? சர்க்கரைப் பொங்கல் ஒரு ஸ்பூன், உட்கார்ந்து சாப்பிடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.